'ஸ்ட்ராபெரி கேர்ள்': ஸ்லேட்டர் வீட்டுப் பக்கமிருந்து ஒரு வாசிப்பு

லோயிஸ் லென்ஸ்கி எழுதி 1945-இல் வெளிவந்து, மறு ஆண்டே அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தின் பெரும் விருதான நியூபெரி பதக்கத்தைப் பெற்ற 'ஸ்ட்ராபெரி கேர்ள்', ஃபுளோரிடா மாநிலத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த இரண்டு ஏழைக் குடியானவக் குடும்பங்களின் பகையைச் சொல்லும் நாவல். பினாங்கில் தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலரோடு சனிக்கிழமைகளில் ஆங்கில நூல்களை வாய்விட்டுப் படித்து வருகிறேன். அந்தப் பிள்ளைகளை இரு கட்சியாகப் பிரித்து இத்தனை நேரம் வாதாட வைத்த நூல் வேறொன்று இல்லை. பழைய நூல், அதுவும் நமக்குச் சம்பந்தமில்லாத ஊரின் கதை என்று ஒதுக்கிவிடாமல், வீட்டில் பத்து வயதை எட்டிய பிள்ளை இருந்தால் கட்டாயம் வாங்கிக் கொடுக்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் ஆசிரியர் நம்மை நிற்கச் சொல்லும் இடத்தில் மட்டும் நின்று படித்தால் நூலில் பாதிதான் கைக்குக் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

வேறு வட்டாரத்திலிருந்து வந்த போயர் குடும்பம், ஏரிகள் நிறைந்த அந்தப் பகுதியில் ஒரு பழைய வீட்டையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் வாங்குகிறது. ஸ்ட்ராபெரியும் ஆரஞ்சும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பயிரிட்டு, விளைந்ததை வெளியூருக்கு அனுப்பி, நான்கு காசு பார்க்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். பக்கத்தில் இருக்கும் ஸ்லேட்டர் குடும்பமோ அங்கேயே ஊறியது. மாடுகளையும் பன்றிகளையும் காட்டிலும் மேட்டிலும் அவிழ்த்துவிட்டு, அவை தாமாக மேய்ந்து பெருகியதை விற்றுப் பிழைப்பது. போயர் வீட்டின் பத்து வயதுப் பெண் பெர்டி, ஸ்லேட்டர் வீட்டின் பன்னிரண்டு வயதுப் பையன் ஷூஸ்ட்ரிங் ஆகிய இருவரின் கண்வழியாகவே பெரியவர்களின் சண்டை நமக்குத் தெரிய வருகிறது. பாம்பைப் பிடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரியும் ஷூஸ்ட்ரிங்கை முதல் சந்திப்பிலேயே பிள்ளைகளுக்குப் பிடித்துவிடும். அவனை வில்லனாக்கவும் முடியாமல் நல்லவன் என்று உறுதியாகச் சொல்லவும் முடியாமல் அவர்கள் தடுமாறுவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது ஓர் ஆசிரியைக்குப் பெரிய மகிழ்ச்சி.

பகை வளரும் விதத்தில்தான் லென்ஸ்கியின் கைத்திறன் தெரிகிறது. ஸ்லேட்டர் மாடு போயர் பயிரில் வாய்வைக்கிறது, போயர் வேலி போடுகிறார், வேலி அறுக்கப்படுகிறது, பன்றிகள் ஸ்ட்ராபெரி வயலை உழப்பிவிட, எச்சரித்துச் சலித்த போயர் அவற்றைக் கொன்றே போடுகிறார், அதன் பிறகு போயர் வீட்டு ஏர் இழுக்கும் கோவேறு கழுதை நஞ்சுக்குப் பலியாகிறது. ஒவ்வொரு படியிலும் முந்திய செயலைச் செய்தவரே குற்றவாளி என்று தோன்றும். நான்கு பக்கம் தள்ளிப் போனால் அந்தத் தீர்ப்பு ஆட்டம் காணும். நாம் நல்லவராக நம்பிவந்த போயர், பன்றிகளைக் கொன்ற அந்த இடத்தில் எங்கள் வாசிப்பு நின்றே போயிற்று. பயிரைக் காக்க அவருக்கு வேறு வழி இருந்ததா, பொறுமை இழந்தவர் செய்ததற்கும் வேண்டுமென்றே செய்வதற்கும் என்ன வேறுபாடு என்று பிள்ளைகள் பேசத் தொடங்கி, அன்றைக்கு அதற்கு மேல் ஒரு பக்கமும் நகரவில்லை. சிறுவர் நூல்களில் நல்ல குடும்பத்துத் தந்தை இப்படிக் கைமீறிப் போவதை மறைக்காமல் எழுதும் துணிவு எளிதில் காணக் கிடைப்பதில்லை.

இந்தச் சண்டையை முழுதாகப் புரிந்துகொள்ள, நூல் விரித்துச் சொல்லாத ஒரு செய்தியைப் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அக்கால ஃபுளோரிடாவில் கால்நடைகளைத் திறந்தவெளியில் மேயவிடுவது குற்றமன்று; அதுவே நடைமுறை, சட்டமும் அதன் பக்கமே நின்றது. மாட்டுக்காரன் தன் மாட்டைக் கட்டிவைக்க வேண்டியதில்லை. பயிர்செய்கிறவன்தான் தன் பயிரைச் சுற்றி வேலி போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவரும் தம் மாட்டுக்கும் பன்றிக்கும் காதில் தமக்கென்று ஓர் அடையாள வெட்டு வைத்து, இன்னாருடையது என்று அறிந்துகொண்டார்கள். புதிய புல் துளிர்க்க வேண்டும் என்பதற்காகக் காய்ந்த புல்லுக்கு ஆண்டுதோறும் தீ வைப்பதும் மாட்டுக்காரர்களின் வழக்கம். நாவலில் அப்படி வைத்த தீ எல்லை மீறிப் பரவும் பகுதி மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வைப்பது. கால்நடைகளை வேலிக்குள் வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு என்று ஃபுளோரிடா மாநிலம் முழுவதற்குமான சட்டம் 1949-இல்தான் வந்தது, அதாவது இந்த நாவல் அச்சேறி நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. ஆக, கதை நடக்கும் காலத்தில் வேலி போட்ட போயரும் சட்டத்துக்கு உட்பட்டவர், மாட்டை அவிழ்த்துவிட்ட ஸ்லேட்டரும் சட்டத்துக்கு உட்பட்டவர். தவறு தொடங்குவது வேலியை அறுத்த கையிலும் பன்றியைக் கொன்ற கையிலும்தான்.

"டீச்சர், எல்லாரும் வேலி போட்டுட்டா மாடு எங்க போயி மேயும்?" என்று ஒரு பையன் கேட்டான். தாத்தா காலத்தில் மாடு வைத்திருந்த வீட்டுப் பிள்ளை அவன். "அது அவங்க பாடு, இவங்க தோட்டத்த ஏன் கெடுக்கணும்?" என்று எதிரில் இருந்த பெண் உடனே மடக்கினாள். இந்தத் தீவில் இருந்துகொண்டு அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. கெலுகோரில் மாடும் ஆடும் வளர்த்துப் பிழைத்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த கம்போங் புவா பாலா, வழக்கு மன்றங்களில் தோற்று, 2009-இல் வீட்டமைப்புத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டது. தோட்டப்புறங்களிலும் இதே கதைதான்: பால்மரங்களுக்கு இடையில் மாடு ஓட்டிக்கொண்டு போன பிள்ளைகள் இன்று பாட்டன் பாட்டிகளாகிவிட்டார்கள், ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், செம்பனை போய்க் கட்டடங்கள் எழுந்ததும், மாட்டுக்கு முதலில் இடமில்லாமல் போயிற்று, பிறகு மாட்டுக்காரருக்கும் இல்லாமல் போயிற்று. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதும், அந்த நிலத்தில் யார் வாழ்ந்து பழகியவர் என்பதும் வெவ்வேறு விஷயங்கள் என்பதை நம் குடும்பங்கள் பட்டு அறிந்தவை. அதனால்தான் இந்த நூலை நாம் ஸ்லேட்டர் வீட்டுப் பக்கமிருந்தும் படிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

லென்ஸ்கியின் மனம் போயர் பக்கமே சாய்ந்திருக்கிறது. போயர் வீட்டில் உழைப்பு இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது, நாளைக்கு இன்னும் நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது; ஸ்லேட்டர் வீட்டில் குடி இருக்கிறது, மெத்தனம் இருக்கிறது, படிப்பின் மேல் வெறுப்பு இருக்கிறது. மூத்த ஸ்லேட்டர் பையன்கள் பள்ளி ஆசிரியரையே அடித்து உதைக்கும் இடத்தைப் படிக்கும் எந்தப் பிள்ளையும் அந்தக் குடும்பத்தின் பக்கம் நிற்காது. ஆனாலும் லென்ஸ்கியின் நேர்மை அவருடைய சாய்வைவிடப் பெரியதாக இருப்பதே இந்த நூலின் பலம். புதிதாக வந்தவர்கள் பெரிய மனுசத்தனம் காட்டுகிறார்கள் என்று ஸ்லேட்டர் குடும்பம் புகையும்போது, அந்தப் புகைச்சலில் இருக்கும் அவமானத்தையும் அவர் எழுதுகிறார். நேற்றுவரை எல்லாரும் ஒரே மாதிரி இருந்த இடத்தில், ஒரு வீடு மட்டும் மேலெழும்பத் தொடங்கும்போது, எழும்பாதவர்களுக்குத் தம் வாழ்க்கை முழுவதும் திடீரென்று குறையாகத் தெரியத் தொடங்குகிறதே, அந்த வலியை அவர் விட்டுவிடவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இரு வீட்டுப் பெண்களையும் பற்றிய பகுதிகளே என் கணக்கில் நூலின் ஆகச் சிறந்தவை. குடித்துவிட்டு வந்த ஸ்லேட்டர், மனைவி அருமையாக வளர்த்த கோழிகளின் தலைகளைத் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளுகிறார். அந்தப் பெண்ணுக்குக் கோழியும் முட்டையும் வெறும் சாப்பாடு அல்ல, கணவன் கைக்குப் போகாமல் தன் கையில் நிற்கும் ஒரே காசு அதுதான் என்பதை நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவள் அழுது உட்கார்ந்துவிடவில்லை. செத்த கோழிகள் வீணாகிவிடக் கூடாது என்று அரிசியோடு சேர்த்துச் சமைத்து, அக்கம்பக்கத்தாரைச் சாப்பிட அழைக்கிறாள். இந்தக் காட்சிக்கு மேல் ஆசிரியர் ஒரு வார்த்தை விளக்கமும் சேர்க்கவில்லை. பிறகு ஸ்லேட்டர் வீட்டில் நோய் வந்து படுத்தபோது, கழுதையைப் பறிகொடுத்த போயர் வீட்டம்மாதான் போய்ப் பணிவிடை செய்கிறார். ஆண்கள் வேலியைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போது, பெண்கள் அதைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருக்கிறார்கள். பகை தீரும் என்று நாம் நம்புவதற்கு நூலில் இருக்கும் உண்மையான காரணம் இதுதான்.

ஆனால் ஆசிரியர் பகையைத் தீர்ப்பது இந்த வழியில் அன்று, குறையும் அங்கேதான் இருக்கிறது. ஊருக்கு வந்த ஒரு மதபோதகரின் பேச்சைக் கேட்டு ஸ்லேட்டர் மனம் திருந்துகிறார், குடியை விடுகிறார், சில பக்கங்களுக்குள் வேறு மனிதராகிவிடுகிறார். அத்தகைய மாற்றங்கள் வாழ்க்கையில் நடக்காதவை என்று நான் சொல்லமாட்டேன்; அந்தக் காலத்து அமெரிக்கக் கிராமங்களில் சமயக் கூட்டங்களுக்கு இருந்த இடமும் பெரியது. எனினும் குடியால் சிதைந்த ஒரு வீட்டை நூலின் பெரும்பகுதியில் பொறுமையாகக் காட்டிவிட்டு, மீட்பை மட்டும் அவசரமாக முடித்துவிடுவது பிள்ளைகளையும் ஏமாற்றுகிறது. எங்கள் கூட்டத்தில் அதிகம் பேசாத ஒரு பெண்பிள்ளை, "அவரு மறுபடியும் குடிக்க மாட்டாருன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டது. கள்ளுக்கடையோடு வாழ்ந்த வரலாறு நமக்கு உண்டு. போருக்குப் பிந்திய 1946, 1947-ஆம் ஆண்டுகளில், நமக்கு எதிர்க்கரையான கெடாவின் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கூட்டமாகத் திரண்டார்கள். ஒரு தோட்டத்துக் குடியை ஒரு மனிதனின் மனச்சாட்சி மட்டும் நிறுத்திவிடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகளுக்கு அதையும் சொன்னேன். நாவலின் முடிவு ஒரு தனி வீட்டுக்குக் கிடைத்த நற்பேறாக அவர்களுக்கு அப்போது புரிந்தது.

முடிவின் இன்னொரு பாதி இன்னும் கவனித்துப் படிக்க வேண்டியது. ஸ்லேட்டர் மாடுகளை விற்றுவிட்டுப் பாஸ்பேட் நிறுவனத்தில் கூலி வேலைக்குப் போகிறார். நடு ஃபுளோரிடாவின் போல்க் வட்டாரத்து மண்ணுக்கு அடியில் பாஸ்பேட் கிடைப்பது 1880-களிலேயே கண்டறியப்பட்டு, உரத்துக்காக அந்த நிலம் பரந்த அளவில் தோண்டப்பட்டது. திறந்தவெளி மேய்ச்சலை ஒழித்தது போயரின் வேலி மட்டுமல்ல. நிறுவனங்களின் கைக்கு நிலம் போனதும் ஒரு காரணம். நாவல் இதை நல்ல செய்தியாகவே சொல்கிறது: மாதச் சம்பளம் வருகிறது, ஷூஸ்ட்ரிங் பள்ளிக்குப் போகிறான், பக்கத்து வீட்டோடு சமாதானம் ஆகிறது. யாருக்கும் தலைவணங்காமல் தன் மாட்டோடு காட்டில் சுற்றிய மனிதர், தன்னைச் சுற்றியிருந்த வெளி சுருங்கச் சுருங்க, இன்னொருவர் கொடுக்கும் கூலியை நம்பி நிற்க வேண்டிய நிலைக்கு வந்தார் என்றும் அதே பக்கங்களைப் படிக்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில் நம் தொழிலாளர்கள் எங்கே போவது என்று திகைத்து நின்றதும், அதற்கு ஒரு மாற்றாக மலாயா இந்தியர்களின் அரசியல் தலைவரான துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கத் தலைப்பட்டதும் நினைவில் உள்ளவர்களுக்கு, ஸ்லேட்டரின் புதிய வேலையை முழு மனத்தோடு கொண்டாட முடியாது. இதை ஆசிரியர் மீது குறையாகச் சொல்லவில்லை. அவர் பார்த்ததை உண்மையாக எழுதியிருப்பதால்தான், அவர் சொல்லாமல் விட்டதையும் நம்மால் அந்தப் பக்கங்களிலேயே காண முடிகிறது.

லென்ஸ்கி ஒஹாயோ மாநிலத்தில் 1893-இல் பிறந்தவர். ஃபுளோரிடா அவருடைய சொந்த மண் அன்று. ஆனால் அவர் நேரில் சென்று தங்கி, மக்களோடு பேசி, அவர்கள் வீட்டையும் வயலையும் கண்ணால் பார்த்து வரைந்துகொண்டு வந்தே எழுதினார். நூலில் உள்ள ஓவியங்களும் அவர் கைவண்ணமே. முக அழகுக்கு அவர் அதிகம் மெனக்கெடுவதில்லை. ஆனால் வேலி எப்படிக் கட்டப்பட்டது, வேலை செய்கிறவர் எப்படிக் குனிகிறார், வெறுங்கால் பிள்ளைகள் எப்படி நிற்கிறார்கள் என்பதெல்லாம் அவற்றில் பிழையின்றித் தெரியும். கேமரன் மலையில் குளிரில், கூரைக்குக் கீழே வரிசை வரிசையாக வளரும் ஸ்ட்ராபெரியை மட்டும் பார்த்த நம் பிள்ளைகளுக்கு, மணற்பாங்கான சமவெளியில், மிதமான குளிர்காலத்தில், தரையோடு தரையாக அது விளைவதும், குடும்பமே முதுகு வளைந்து பறிப்பதும் புதிய செய்தி. உழைப்பின் விவரங்களைச் சுருக்காமல் எழுதியிருப்பதால் சில இடங்களில் கதை மெதுவாக நகரும். எனக்கு அந்த இடங்களே பிடித்திருந்தன, பிள்ளைகளில் சிலர் நெளிந்தார்கள்.

வாங்குவோர் முன்கூட்டியே அறிய வேண்டியவை சில உண்டு. கிராக்கர் என்று அழைக்கப்பட்ட அந்த வெள்ளை ஏழைக் குடியானவர்களின் பேச்சுவழக்கிலேயே உரையாடல் முழுவதும் அமைந்திருக்கிறது. பாடநூல் ஆங்கிலம் மட்டும் அறிந்த பிள்ளை முதல் சில பக்கங்களில் மிரளும்; தனியே படிக்கச் சொல்லி விட்டுவிட்டால் நூலை மூடி வைத்துவிடும். பெரியவர் ஒருவர் வாய்விட்டுப் படித்தால், எழுத்தில் புரியாத சொல் காதில் புரிந்துவிடுகிறது, மூன்றாம் அத்தியாயத்துக்குள் பிள்ளைகளே அந்த ராகத்தில் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். குடிபோதையின் வன்முறையும் விலங்குகளின் சாவும் நேரடியாக வருவதால், ஒன்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நான் கொடுக்கமாட்டேன். மேலும், இதே மண்ணில் வாழ்ந்த கறுப்பின மக்களோ செமினோல் பழங்குடியினரோ மனத்தில் நிற்கும் பாத்திரமாக ஒருவர்கூட நூலில் இல்லை. ஷூஸ்ட்ரிங்கின் இயற்பெயர் ஜெபர்சன் டேவிஸ் ஸ்லேட்டர். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் தலைவராக 1861 முதல் 1865 வரை இருந்தவரின் பெயர் அது. இந்த மண் யாருக்குச் சொந்தம் என்று இரு குடும்பங்கள் அடித்துக்கொள்ளும் கதையில், அந்த மண்ணிலிருந்து முன்பே விரட்டப்பட்டவர்களும், அந்த மண்ணில் கூலியின்றி உழைக்க வைக்கப்பட்டவர்களும் பேச்சிலேயே வராமல் போவது பெரிய குறை. பிள்ளைகளோடு படிக்கும் பெரியவர் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

ஏறத்தாழ 200 பக்கம் கொண்ட இந்த நூல் மெல்லட்டைப் பதிப்பாகக் கிடைக்கிறது. நூலகத்தில் கிடைத்தால் இரவல் பெற்றும் படிக்கலாம். வகுப்பில் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு, வேலி, பன்றிகள், கோழிகள் ஆகிய மூன்று பகுதிகளையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு, போயர் பக்கம் ஓர் அணி, ஸ்லேட்டர் பக்கம் ஓர் அணி என்று பிரித்து, அடுத்த வாரம் அணிகளை மாற்றிப் பேச விடுவது நல்ல பலன் தரும். தாத்தா பாட்டி தோட்டத்தில் வளர்ந்தவர்கள் என்றால், கால்நடை, வேலி, பக்கத்து வீட்டுச் சண்டை பற்றி அவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். எங்கள் பிள்ளைகள் கொண்டுவந்த சில கதைகள் நாவலில் உள்ளவற்றுக்குச் சற்றும் குறைந்தவையல்ல. இதை முடித்த பிள்ளைக்கு, லென்ஸ்கி 1947-இல் எழுதிய 'ஜூடீஸ் ஜர்னி'யை அடுத்துக் கொடுங்கள். அது சொந்த நிலமே இல்லாமல், அறுவடை நடக்கும் ஊர்களைத் தேடிக் கூலிக்காகப் பயணம் செய்யும் ஒரு குடும்பத்தின் கதை. போயர், ஸ்லேட்டர் இருவரிடமும் இருந்த அந்த ஒரு துண்டு மண்கூட இல்லாதவர்களின் பக்கம் லென்ஸ்கி இரண்டே ஆண்டுகளில் நகர்ந்து வந்திருப்பதை அதில் காணலாம்.